பொட்டிக் ஓட்டலில் தாழ்ப்பாள் இல்லை

1

அந்த ஓட்டலிலிருந்து மூன்றாவது மின்னஞ்சல் இன்று காலை வந்தது. எங்களோடு தங்கிய அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு, கீழே ஐந்து முகங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அழுகிற முகத்தில் தொடங்கி, கண் இரண்டும் இதயமாகிவிட்ட முகம் வரைக்கும். அதில் ஒன்றைத் தொட வேண்டுமாம். காறித் துப்புகிற முகம் அந்த வரிசையில் இல்லை. இருந்திருந்தால் முதல் மின்னஞ்சலிலேயே தொட்டிருப்பேன்.

காலை எட்டேகால். மகளைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். சைக்கிளின் பின் இருக்கையில் மழைக்கோட்டுக்குள் உட்கார்ந்து மகிழினி பாடிக்கொண்டே வந்தாள். ஐந்து வயது. பாட்டு டச்சு மொழியில். நெதர்லாந்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, அவள் பாடுவதில் பாதி எனக்கு இன்னும் பிடிபடுவதில்லை. சிக்னலில் நின்றபோதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தேன். "தூ" என்று சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் சைக்கிளோடு நின்ற அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, யாரத் திட்டுன?" என்றாள் மகள்.

"ஒரு ஓட்டல."

"ஓட்டலுக்குக் காது இருக்கா?"

"காதும் இல்ல, கதவும் இல்ல."

அவளுக்கு அது பெரிய வேடிக்கை. பள்ளிக்கூடம் வருகிற வரைக்கும் காது இல்லை, கதவு இல்லை என்று டச்சில் மாற்றி மாற்றிப் பாடினாள்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அப்பா அம்மாவ பெங்களூருல பெரிய ஓட்டல்ல தங்க வெச்சியாமே?" நான் ஏதோ பெரிய மனிதனாகிவிட்ட மாதிரி. உள்ளதை எழுதிவிடுகிறேன். அந்த ஓட்டலில் நாங்கள் தங்கவில்லை. இரண்டு மணி நேரம் இருந்தோம்.

2

என் அப்பா கொத்தனார். கட்டு வேலையும் செய்வார் என்றாலும் அவர் பேர் வாங்கியது பூச்சு வேலையில். அவர் பூசிய சுவரில் ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நிற்கும். அம்மா அவருக்குச் சித்தாள். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி. மழை ஏமாற்றிய ஒரு வருடம் இரண்டு பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். திரும்பி வரப் பதினோரு வருடம் ஆயிற்று. அத்தனை வருடமும் நான் பென்னாகரத்தில் அரசு விடுதியில் தங்கிப் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான்.

முழுப்பரீட்சை லீவு விட்டால் என்னையும் பெங்களூருக்குக் கூட்டிப்போவார்கள். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே தகர ஷெட். பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஆண்கள் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று ஊற்றிக்கொள்வார்கள். பெண்களுக்கென்று எதுவும் கிடையாது. வேலை முடிந்து ஆண்கள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து, இரண்டு பெண்கள் இரண்டு பக்கம் சேலையைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி உட்கார்ந்து அவசர அவசரமாக ஊற்றிக்கொள்வாள். மூன்றாவது பக்கம் சுவர். நாலாவது பக்கம் நான்.

"யாராச்சும் வந்தா இருமுடா, சாமி" என்று அம்மா சொல்லி நிறுத்துவாள். அந்த லீவு நாட்களில் அம்மாவுக்கு நான்தான் தாழ்ப்பாள். ஒரு நாள் க்ரேன் வந்து கம்பிக் கட்டை மேலே தூக்கியது. அதை வேடிக்கை பார்க்க ஓடிவிட்டேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கமாக வந்துவிட்டான். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

இப்போது ஊரில் வீட்டை ஒட்டிக் குளியலறை கட்டியாகிவிட்டது. அப்பாவே பூசினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் அம்மா நெதர்லாந்தில் எங்கள் குளியலறையைக் காட்டச் சொல்வாள். இங்கே கதவின் வெளிப்பக்கம் சின்ன வட்டம் ஒன்று உண்டு. உள்ளே தாழ்ப்பாளைத் திருப்பினால் வெளியே அந்த வட்டம் சிவப்பாகும்.

"இன்னொருக்கா திருப்பு… இந்தாங்க, பாத்தீங்களா? செவப்பு. உள்ள ஆள் இருக்குதுன்னு அதுவே சொல்லுது."

"ஆமா, பெரிய ரயிலு சிக்னலு" என்பார் அப்பா.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னாள். "வூட்டுல இருக்குது, அது வேறடா. அந்தூருல பதினோரு வருசம் இருந்தேன். எத்தன பாத்ரூமுக்கு டைல்ஸ் தூக்கியிருப்பேன்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்தூருல தாப்பா போட்டுட்டுக் குளிச்சதில்ல."

எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாளைத் தாப்பா என்போம். வேறு எதையும் அம்மா என்னிடம் கேட்டதில்லை. இதையும் கேட்டாள் என்று சொல்ல முடியாது. சொன்னாள்.

முதலில் இருவரையும் இங்கேயே கூட்டிவரத்தான் பார்த்தேன். விசாவுக்குக் கைரேகை வைக்க வேண்டும். அப்பாவின் பத்து விரலிலும் ரேகையே இல்லை. முப்பது வருடச் சிமெண்டு தின்றுவிட்டது. துடைத்து வைத்தார், ஈரமாக்கி வைத்தார், இயந்திரம் சிவப்பு விளக்கையே காட்டியது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

"என் வெரல மனுச வெரல்னே அந்த மிஷினு ஒத்துக்கல. மறுக்கா போய் எதக் காட்டறது?" என்று அப்பா மறுத்துவிட்டார். அவர் வராமல் அம்மாவும் வரமாட்டேன் என்றாள்.

அப்போதுதான் முடிவு செய்தேன். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பெங்களூரிலேயே நல்ல ஓட்டலாகப் பார்த்து இரண்டு நாள் அம்மாவைத் தங்க வைப்பது. கூலியாகப் போன ஊரில் விருந்தாளியாக. தாப்பா போட்ட குளியலறையோடு.

3

ஒரு ஓட்டலைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது. அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் தினமும் அதே வேலை. இருபத்து மூன்று ஓட்டல்களை எக்செல்லில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அறையின் அழகு, காலைச் சாப்பாடு, விளக்கு வெளிச்சம், தலையணை வகை, போனவர்கள் எழுதிய விமர்சனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தாழ்ப்பாளுக்குக் கட்டம் போடவில்லை. குளியலறை என்றால் கதவு இருக்கும், கதவு என்றால் தாழ்ப்பாள் இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு வசதியாகிவிட்டேன்.

அலுவலகத்தில் என் அணித்தலைவர் மதியச் சாப்பாட்டின்போது திரையை எட்டிப் பார்த்தார். பெரிய பெரிய ஓட்டல் கம்பெனிகளெல்லாம் ஒரே அச்சு, அவற்றில் உயிர் இல்லை, சின்னதாக, தனக்கென்று ஒரு ரசனையோடு இருக்கிற பொட்டிக் ஓட்டலாகப் பார் என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. நமக்கு மேலே இருப்பவர்கள் நிதானமாக உச்சரிக்கிற சொல் எதுவானாலும் எனக்கு உடனே பிடித்துவிடும். படிப்பு கொடுத்த வியாதிகளில் அதுவும் ஒன்று.

அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். "பொட்டிக் ஓட்டல் பாத்திருக்கேன்மா."

"பொட்டிக்கடையா? பொட்டிக்கடையில எங்கடா படுக்கறது?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல். அம்மாவை அவர் மே என்றுதான் கூப்பிடுவார். "பெங்களூரு பொட்டிக்கடை பெருசா இருக்குமாட்டம், மே. மிட்டாய் டப்பாவத் தள்ளி வெச்சுட்டுப் படுத்துக்கலாம்."

"கடை இல்லம்மா. ஓட்டல். தங்கற ஓட்டல்."

"ஓட்டல்னா திங்கறது. தங்கறது லாட்ஜுடா. என்ன படிச்ச நீ?"

என் மனைவி கலைவாணி ஏரியூர்ப் பக்கம். அவளுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியும். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தேடிப் பார்த்தேன். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு அர்த்தமே சின்னக் கடை என்பதுதானாம். அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

கடைசியாக நான் தேர்ந்தெடுத்த ஓட்டலின் பக்கத்தில் முதல் வரியே இதுதான்: எங்களிடம் மறைக்க எதுவும் இல்லை. அடுத்த வரி: ஒளிவுமறைவற்ற வடிவமைப்பு. எவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்! பத்து முறை படித்திருப்பேன். கவிதை மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன், படித்ததைப் புரிந்துகொள்ளவில்லை.

கலைவாணி மட்டும் ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, பாத்ரூம் போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தேன். தொட்டியெல்லாம் இருக்குது. அதுல படுத்துக்கிட்டே வானம் பாக்கலாம்."

படத்தில் வெள்ளைத் தொட்டி, ஓரத்தில் மெழுகுவர்த்தி, பின்னால் நீல வானம். வானத்தைப் பார்த்தேன். அந்த வானம் எதன் வழியாகத் தெரிகிறது என்று யோசிக்கவில்லை.

4

கிளம்புகிற அன்று காலை அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நஞ்சமில்லை, வழிய வழிய. பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். மடியில் ஒரு பை. உள்ளே புதுத் துண்டு, அரைத்த சீயக்காய், மஞ்சள், மாற்றுச் சேலை.

"அத்த, அங்க ஷாம்பு, சோப்பு எல்லாம் வெச்சிருப்பாங்க" என்றாள் கலைவாணி.

"இருக்கட்டும்மா. நான் போய் எறங்குனதும் குளிக்கணும். அதுக்குத்தான எண்ண வெச்சன்."

கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர் தாண்டி, பெங்களூர் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் துண்டு நனைந்து, காதோரம் எண்ணெய் கோடாக இறங்கிவிட்டது. அம்மா துடைத்துக்கொண்டே வந்தாள். முகத்தில் கல்யாணத்துக்குப் போகிற களை.

ஓட்டல் வாசலில் இறங்கியதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். சுவர் முழுக்கச் செங்கல். பூச்சு இல்லை. உள்ளே போனால் தூண்கள் வெறும் சிமெண்டாக நின்றன, சென்ட்ரிங் பலகையின் அச்சு அப்படியே தெரிந்தது. தலைக்கு மேல் குழாயும் ஒயரும் திறந்து கிடந்தன. அப்பா ஒரு சுவரருகே போய் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் மெனக்கெட்டு விசாரித்தார்.

"ஏம்மா, கட்டு வேல சுத்தமா இருக்குதுங்க. எப்ப பூசறாங்க?"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. நன்றாகப் பழக்கப்பட்ட சிரிப்பு. "இல்ல அங்கிள், இவ்ளோதான். இதுதான் இங்க ஸ்டைல்."

"இதுதான் ஸ்டைலா?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப முப்பது வருசமா நான் ஸ்டைல மூடிட்டு இருந்திருக்கேன்."

நான் சிரித்தேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு எங்களை ஓரமாக உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு காபிக் கடை. பெயர் ஷெட். மூன்று பக்கம் தகரம் அடித்து, துருவை அழகாகத் தெரிய விட்டிருந்தார்கள். சிமெண்டு மூட்டைச் சாக்கில் தைத்த திண்டுகள். சித்தாள்கள் கலவை தூக்குகிற இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்து, நடுவில் ஓட்டை போட்டு, பல்பு மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"தலை மேல வெக்கறத எதுக்குடா தலைக்கு மேல தொங்க உட்டிருக்கானுங்க?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் அந்தத் தகரத்தோடு சேர்த்துத் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மே மாத வெயிலில் அந்தத் தகரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனடியில் தூங்கி எழுந்தவன் நான். அந்த இடத்திலேயே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அறை நன்றாக இருக்கும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தச் சட்டியையும் தகரத்தையும் படங்களில் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஐந்துக்கு ஐந்து போட்டவனும் நான்தான் என்பதை யாரிடம் சொல்வது.

5

அப்பா அம்மாவுக்கென்று எடுத்திருந்த அறை மூன்றாவது மாடியில். கதவைத் திறந்ததும் அம்மா கட்டிலைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைப் பார்க்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "பாத்ரூம் எங்கடா?" என்றாள்.

எதிரிலேயே இருந்தது. அறையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. இரண்டு பக்கம் கட்டிலைப் பார்த்த கண்ணாடி, ஒரு பக்கம் தெருவைப் பார்த்த கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரை. நடுவில் அந்த வெள்ளைத் தொட்டி, மீன் தொட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி.

அம்மா நின்றாள். "கதவு?"

நான் கண்ணாடியை நகர்த்திக் காட்டினேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"தாப்பா?"

குனிந்து பார்த்தேன். மேலே பார்த்தேன். விரலை விட்டுத் தடவினேன். இல்லை.

கீழே போன் செய்தேன். எல்லா அறையும் இப்படித்தான் சார், இதுதான் எங்கள் சிறப்பு, விருந்தினர்கள் இதற்காகவே வருகிறார்கள் என்றாள் அந்தப் பெண். தெருப்பக்கக் கண்ணாடிக்குத் திரை கிடையாதா என்றேன். தேவையில்லை சார், உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியேயிருந்து உள்ளே தெரியாது.

அப்பா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மே, நான் வெளிய போய் வராண்டாவுல நிக்கறேன். ரூம் கதவ சாத்திக்க. அந்தப் பக்கம் ஒன்னும் தெரியாதாமா."

அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். எதிர்ப் பக்கம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாரம் கட்டி, நேராக மூன்றாவது மாடியில் வேலை. ஒரு பெண் ஆண் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கலவைச் சட்டியைத் தலையில் வைத்தபடி பலகையில் நடந்து வந்தாள். எங்களை நேராகப் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்திருக்க முடியாது. அவளுக்கு அந்தப் பக்கம் அவள் முகம்தான் தெரிந்திருக்கும்.

"அவங்களுக்குத் தெரியாதுதான்" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியுதே."

மகிழினி அதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் புகுந்து மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை. இங்கே நெதர்லாந்தில் நீச்சல் வகுப்பு முடிந்தால் குழந்தைகள் எல்லாம் ஒன்றாக நின்று குளித்துவிட்டு வருவார்கள். "ஆயா, நீங்க குளிங்க. நாங்க எல்லாரும் கண்ண மூடிக்கறோம்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அம்மா சிரித்து அவள் தலையைத் தடவினாள். வெட்கம் என்கிற சொல்லை என் மகளுக்கு இன்னும் நான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டுமா என்றும் தெரியவில்லை. ஆனால் தன் ஆயா எதற்காக அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று அவளுக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

கலைவாணி கட்டில் விரிப்பை உருவினாள். "அத்த, இத நானும் இவரும் ரெண்டு பக்கம் புடிச்சுக்கறோம். நீங்க உள்ள போங்க."

"வேணாம்மா." அம்மாவின் குரல் உயரவில்லை. "அதத்தான் பதினோரு வருசம் பண்ணேன்."

அம்மாவின் காதோரம் எண்ணெய் இறங்கிக் கழுத்துக்கு வந்திருந்தது. துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. க்ரேன் பார்க்க ஓடிப்போன அன்றைக்கும் இப்படித்தான் பார்த்தாள்.

நெதர்லாந்துக்குக் குடிவந்த முதல் வருடம் எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்துபோயிற்று. வீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்து தட்டுத்தடுமாறி டச்சில் புகார் சொன்னேன். தாழுக்கு டச்சில் ஸ்லொட். நான் நெடில் போட்டு ஸ்லோட் என்று சொல்லிவிட்டேன். ஸ்லோட் என்றால் வாய்க்கால். என் குளியலறைக் கதவில் வாய்க்கால் உடைந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றிருக்கிறேன். சிரித்துவிட்டுப் புகார் எண் கொடுத்தார்கள். ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் ஏழு மின்னஞ்சல் எழுதினேன். ஒரு மனிதனின் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒன்றில் எழுதியிருந்தேன். மூன்றே வாரத்துக்கு. அதே ஆள்தான் அம்மாவுக்காக இருபத்து மூன்று ஓட்டல்களுக்குத் தலையணை மதிப்பெண் போட்டது.

"எடுங்கடா பைய" என்றார் அப்பா. "பூசாத வூட்டுல எவன் குடியிருப்பான்?"

6

கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். சரி என்றேன். கணினியில் நாங்கள் இரண்டு நாளும் தங்கியதாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தான் மின்னஞ்சல் விடாமல் வருகிறது.

மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அலுவலகம் போனதும் அந்தப் படிவத்தைத் திறந்தேன். அழுகிற முகத்தைத் தொட்டேன். உடனே அடுத்த கேள்வி: எங்களை எதில் மேம்படுத்திக்கொள்ளலாம்? வடிவமைப்பு, உணவு, ஊழியர், சூழல், இணைய வேகம். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊழியர் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண் கடைசியில் வாசல் வரை வந்து, "சாரி ஆன்ட்டி" என்று உண்மையாகவே சொன்னாள். வடிவமைப்பைத் தொட்டேன். சொல்ல விரும்புவதை எழுதவும் என்று ஒரு பெட்டி திறந்தது. தாழ்ப்பாள் இல்லை என்று எழுதி அனுப்பினேன். மிகக் குறைவான சொற்கள், தயவுசெய்து விரிவாக எழுதுங்கள் என்று திரும்பி வந்துவிட்டது.

விரித்து எழுத என்ன இருக்கிறது? மூடிவிட்டு, அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்துக்காவது நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று தேடினேன். அது எந்தத் தளத்திலும் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஓட்டலை விட்டு இறங்கி, சந்தையை ஒட்டிய ஒரு நெரிசலான தெருவில் காரை நிறுத்தச் சொன்னது அம்மாதான். பழைய மூன்று மாடி லாட்ஜ். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் கலவை தூக்கியிருக்கிறாளாம். எனக்கு முன்னால் படியேறிப் போய், கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்த மேசை முன் நின்றாள். சாரத்தில் கற்றுக்கொண்ட கன்னடத்தில் கேட்டாள்.

"அண்ணா, பாத்ரூமுக்குச் சிலக்கா இதியா?"

சிலக்கா என்றால் தாழ்ப்பாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய்த் தலையோடு ஒரு பெண் ரூம் என்ன வாடகை என்று கேட்காமல் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டது அவருக்குப் புதிதாக இருந்திருக்கும். ஆனால் சிரிக்கவில்லை.

"இதெம்மா. கட்டியாகி இதெ."

இருக்கிறது, உறுதியாக இருக்கிறது. அந்த மனிதருக்கு மின்னஞ்சலில் வந்த ஐந்து முகங்களில் எதைக் கொடுப்பது?

முதல் மாடி அறை. பச்சை ஆயில் பெயிண்டு அடித்த சுவர். இரும்புக் கட்டில். அப்பா உள்ளே நுழைந்ததும் உள்ளங்கையால் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "பூச்சு நல்லாருக்குது. எவனோ வேல தெரிஞ்சவன்" என்றார். குளியலறைக்குத் தகரம் அடித்த மரக்கதவு. உள்பக்கம் ஒரு முழ நீளத்தில் இரும்புத் தாழ்ப்பாள். பிளாஸ்டிக் வாளி, குவளை. மேலே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல்.

அம்மா தாழ்ப்பாளை வெளியே நின்றபடியே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு பையோடு உள்ளே போனாள். கதவு மூடியது. இரும்பு இரும்பின் மேல் உரசி, டக் என்று போய் விழுந்தது. வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும்.

நாங்கள் கட்டிலில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குழாய் திறக்கவில்லை, வாளி நகரவில்லை. கலைவாணி என்னைப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லையோ? இதையும் நான் கெடுத்துவிட்டேனோ?

மகிழினிதான் போய்க் கதவில் வாயை வைத்துக் கேட்டாள். "ஆயா, தண்ணி வரலியா?"

"வருது கண்ணு."

"அப்ப என்ன பண்றீங்க?"

"ஒன்னும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன்."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உடு. அவளா வரட்டும்" என்றார்.

கீழே தெருவில் யாரோ யாரையோ கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தட்டவில்லை.